கப்பல் வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை. இரவில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் எங்கள் கார்ப்புக்கும், அதாவது எங்கள் அணிக்கும், நான்தான் கணக்கு. பகலில் டாலர், ராத்திரியில் அந்த விளையாட்டின் பணமான ஐ.எஸ்.கே. அதனால், விண்வெளி விளையாட்டு எதிலாவது பணம் போடப் போகிறவர்கள் கடைசியில் எப்படியோ என்னிடம் வந்துவிடுகிறார்கள். "ஸ்டார் சிட்டிசனில் எந்தப் பேக்கேஜ் எடுக்கலாம்?", "ஈவில் சந்தா கட்டுவதா, சந்தாவுக்குப் பதிலாகச் செல்லும் பிளெக்ஸ் டோக்கன் வாங்குவதா?", "கிக்ஸ்டார்ட்டரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதே, போடலாமா?" என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். (கிக்ஸ்டார்ட்டர் என்பது இன்னும் செய்யாத பொருளுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளம்.) நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் கட்டுகிற பணம் தீர்ந்த பிறகு, அந்த நிறுவனம் தன் ஆட்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்தை எதை விற்றுக் கொடுக்கும்?

ஆன்லைன் சாண்ட்பாக்ஸ் விளையாட்டு (ஒரு பொது உலகத்தில் அவரவர் இஷ்டப்படி ஆடுவது) என்பது செய்து முடித்து, விற்றுவிட்டு, அடுத்த வேலைக்குப் போகிற சரக்கு இல்லை. சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிழை திருத்த ஆள் வேண்டும், புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறதோ, அந்த வாசலைத்தான் அவர்கள் பெரிதாக்குவார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த விளையாட்டு இன்னும் சில வருடங்களில் எந்தப் பக்கம் போகும் என்பது பாதி தெரிந்துவிடும்.

எதை விற்று ஓடுகிறது?

ஈவ் ஆன்லைன் நேரத்தை விற்றுப் பிழைத்த விளையாட்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரிலுள்ள சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் அதைத் தொடங்கியது. பல வருடங்களுக்கு மாதச் சந்தா 14.95 டாலர்தான் அதன் உயிர். அதற்கேற்ற மாதிரி, உங்கள் பைலட்டின் திறன்கள் நிஜக் கடிகாரத்தின்படிதான் வளரும். பெரிய திறன் ஒன்றை ஐந்தாம் நிலைக்குக் கொண்டுபோக வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் விளையாடினாலும் தூங்கினாலும் கடிகாரம் ஓடும். சந்தாவும் கூடவே ஓடும். 2016 பிப்ரவரியில் ஸ்கில் இன்ஜெக்டர் வந்தபோது அந்த நேரத்தையே விலைக்கு வாங்கலாம் என்று ஆனது. அதே வருடம் நவம்பரில் ஆல்ஃபா என்ற இலவசக் கணக்கு வந்தது. 2022 மே மாதம் சந்தா 19.99 டாலர் ஆனது.

இதே நிறுவனம் வேறொரு வாசலைத் திறக்கப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2011 கோடையில், உள்ளேயே ஒரு அலங்காரக் கடை திறந்தார்கள். அதில் ஒற்றைக் கண் கண்ணாடி ஒன்றின் விலை 60 டாலருக்கும் மேல். கூடவே, பணத்துக்குப் பொருள் விற்பதைப் பற்றிய உள் அலுவலக இதழ் ஒன்றும் வெளியே கசிந்தது. நாளைக்குத் துப்பாக்கியும் கப்பலும் இதே கடையில் வருமா என்ற பயம் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் விளையாட்டுக்குள்ளேயே ஜிட்டா என்ற வாணிப நிலையத்துக்கு வெளியே கூடி, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். நிறையப் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். விளையாடுபவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசினார்கள். அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மர் பெட்டர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கு வேலை இழந்தார்கள். சந்தா மாடலில் வாங்குபவருக்கு இருக்கிற பலம் இதுதான். மாதாமாதம் கட்டுகிறவர் அடுத்த மாதமே நிறுத்திக்கொள்ளலாம். மொத்தமாக முன்கூட்டியே கட்டியவருக்கு அந்தப் பிடி இல்லை.

எலைட் டேஞ்சரஸ் வேறு வழி. ஒருமுறை வாங்கினால் போதும், சந்தா கிடையாது. 2014 டிசம்பரில் வெளிவந்தது. அதன் பிறகு கப்பலுக்குப் பெயின்ட் விற்றார்கள். 2015 டிசம்பரில் ஹொரைசன்ஸ், 2021 மே மாதம் ஒடிஸி என்று இரண்டு விரிவாக்கங்களுக்குத்தான் தனியாகக் காசு வாங்கினார்கள். பெயின்டும் எப்போதோ வரும் விரிவாக்கமும் மட்டும் ஒரு பெரிய குழுவைத் தாங்காது என்று எனக்கு எப்போதுமே தோன்றும். 2024ல் அது தெரிந்தும் போனது: பைத்தன் மார்க் டூ என்ற புதுக் கப்பலை ஆர்க்ஸ் கொடுப்பவர்களுக்கு மே மாதமே கொடுத்து, விளையாட்டுக்குள் சம்பாதித்த பணத்தில் வாங்குபவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துத் திறந்துவிட்டார்கள். ஆர்க்ஸ் என்பது காசுக்கு வாங்கும் டோக்கன். விளையாடினாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். எல்லோருக்கும் கடைசியில் கிடைக்கிறது என்பதால் எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. ஆனால் வாசல் மாறிவிட்டது. இனி புதுக் கப்பல்கள் அடிக்கடி வரும் என்று எதிர்பார்க்கலாம்.

நோ மேன்ஸ் ஸ்கை கணக்கு இவற்றில் எளிமையானது. 2016 ஆகஸ்டில் முழு விலைக்கு வந்தது; சொன்னதில் பாதி இல்லை என்று எங்கும் திட்டு. அதன் பிறகு வந்த எல்லாப் பெரிய அப்டேட்டும் இலவசம். ஒவ்வொரு அப்டேட்டும் செய்தியாகிறது, செய்தியைப் பார்த்துப் புதியவர்கள் வாங்குகிறார்கள், அந்தப் பணத்தில் அடுத்த அப்டேட். சிறிய குழு என்பதால் இது ஓடுகிறது. ஆன்லைனில் பெரிய போர், சந்தை, அரசியல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். செலவுக்குப் பயந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் யூகத்தில் போட வேண்டியதில்லை. எலைட்டைச் செய்யும் ஃப்ரன்டியர் 2013லிருந்து லண்டன் பங்குச் சந்தையின் ஏ.ஐ.எம். பிரிவில் இருக்கிறது, ஆண்டறிக்கை யாரும் படிக்கலாம். சி.சி.பி.யை 2018ல் வாங்கிய பேர்ல் அபிஸ் தென் கொரியச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஸ்டார் சிட்டிசனைச் செய்யும் கிளவுட் இம்பீரியம் தன் வரவு செலவைத் தானே வெளியிடுகிறது. அதன் பிரிட்டன் கணக்குகள் அந்நாட்டு நிறுவனப் பதிவகத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று வரி பார்த்தால் போதும்: ஆண்டு வரவு, ஆண்டுச் செலவு, கையிருப்பு. கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும் என்று வகுத்துப் பாருங்கள். டிரெய்லர் சொல்லாததை அது சொல்லும்.

ஸ்டார் சிட்டிசன்: நிதானமாக

என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 அக்டோபரில் கிறிஸ் ராபர்ட்ஸ் இதை அறிவித்தார். நவம்பருக்குள் கிக்ஸ்டார்ட்டரிலும் சொந்தத் தளத்திலுமாகச் சுமார் 62 லட்சம் டாலர் சேர்ந்தது. 2014ல் தயாராகும் என்றார்கள். கிரவுட்ஃபண்டிங் அதோடு முடியவில்லை. தளத்தில் கப்பல் விற்பனை தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. 2022 செப்டம்பரில் மொத்தம் 50 கோடி டாலரைத் தாண்டியது. 2024ல் 70 கோடியைத் தாண்டியது. தொடக்கத்தில் சொன்னது 100 நட்சத்திர மண்டலங்கள். ஸ்டான்டனுக்கு அடுத்து இரண்டாவது மண்டலமான பைரோ 2024 டிசம்பரில்தான் வந்தது. முழு வெளியீடான 1.0 பதிப்பில் ஐந்து மண்டலங்கள் இருக்கும் என்று அந்த வருட சிட்டிசன்கான் ரசிகர் மாநாட்டில் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் வைத்து ஏமாற்று என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோளின் தரையிலிருந்து கிளம்பி, வளிமண்டலத்தைத் தாண்டி, விமானி நாற்காலியை விட்டு எழுந்து, பின்பக்கச் சரக்கறைக்கு நடந்து போய், கதவைத் திறந்து வெளியே குதிக்கலாம். நடுவில் எங்கும் லோடிங் திரை வராது. முதல் தடவை செய்தபோது எனக்குக் கை சில்லிட்டது. வேறு எந்த விளையாட்டும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை. அதே சமயம், அங்கே மாதச் சம்பளம் கப்பல் விற்றுத்தான் வருகிறது. அதனால் கப்பல்கள் முந்தி வரும். சர்வர் நிலைத்தன்மை, பாதியில் நிற்கும் மிஷன் போன்றவை பிந்தி வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் வருத்தம் குறையும்.

சரி, எப்படிப் போவது?

காசு கட்டாமல் தொடங்குங்கள். வருடத்தில் சில தடவை ஃப்ரீ ஃப்ளை என்று எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். மே மாதத்து இன்விக்டஸ் வாரத்திலும் நவம்பர் கப்பல் கண்காட்சியிலும் பெரும்பாலும் இருக்கும். கணக்குத் தொடங்கும்போதே யாராவது நண்பரின் ரெஃபரல் கோடைப் போட்டுவிடுங்கள், உள்ளே செலவழிக்கக் கொஞ்சம் பணம் கிடைக்கும். பிறகு உங்கள் கணினி தாங்குகிறதா என்று பாருங்கள். எஸ்.எஸ்.டி. இல்லாமல் முயலவே வேண்டாம். 16 ஜி.பி. ராம் பேப்பரில் போதும். 32 இருந்தால்தான் நிம்மதி. இங்கிருந்து சர்வருக்குப் போய்வரும் தாமதத்தையும் அந்த வாரத்திலேயே உணர்ந்துவிடலாம். கூட்டம் நெரியும் வாரம் என்பதால் சர்வர் தடுமாறும். அதையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள், ஏனென்றால் பெரிய பேட்ச் வரும் நாட்களில் அப்படித்தான் இருக்கும்.

பிடித்துவிட்டதா? மிகக் குறைந்த ஸ்டார்ட்டர் பேக்கேஜை எடுங்கள், 45 டாலரைச் சுற்றி இருக்கும். 'கேம் பேக்கேஜ்' என்று இருப்பதில்தான் விளையாட்டுக்குள் போகும் அனுமதி இருக்கிறது. தனிக் கப்பல் என்று விற்பதில் கப்பல் மட்டும்தான் வரும். அதை வாங்கிவிட்டு உள்ளே போக முடியவில்லையே என்று நிற்காதீர்கள். ஸ்குவாட்ரன் 42 என்ற தனிநபர் கதை விளையாட்டுக்குத் தனி விலை. அது வெளிவந்து, விளையாடியவர்கள் நாலு பேர் சொன்ன பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன் வாங்க எந்த அவசரமும் எனக்குத் தெரியவில்லை.

அத்தோடு நிறுத்துங்கள். மற்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை விளையாட்டுக்குள் சம்பாதித்தே வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். காசு போட்டு வாங்கிய கப்பலுக்கு இருக்கிற ஒரே உறுதியான மேன்மை, வைப் (எல்லோர் சேமிப்பையும் துடைத்துப் புதிதாகத் தொடங்குவது) நடந்தாலும் அது கணக்கில் நிற்கும். உள்ளே சம்பாதித்தவை, விளையாட்டு இப்போதிருக்கும் ஆல்ஃபா என்ற சோதனைக் கட்டம் முடியும் வரை, எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம்.

என் அக்கா மகன் ஒரு நவம்பரில் போன் செய்தான். "மாமா, இந்தக் கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் விக்கிறாங்களாம். நாளைக்கு ராத்திரியோட முடியுதாம்."

"அடுத்த நவம்பர்லயும் கண்காட்சி வரும்டா. அந்தக் கப்பலை ஓட்ட எத்தனை பேர் வேணும்?"

"பைலட் ஒருத்தர், பீரங்கிக்கு ரெண்டு பேர், இன்ஜின் பார்க்க ஒருத்தர்."

"உன்கூட யாரெல்லாம் விளையாடறாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தனியாத்தான் மாமா."

கண்காட்சி நடக்கும்போது கதையில் வரும் கப்பல் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நாளில் அதன் கப்பல்களை இலவசமாகவே எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அதைச் செய்யச் சொன்னேன். அன்று ராத்திரி எடுத்து ஓட்டியிருக்கிறான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவே நேரம் ஆனது, துறைமுகத்தில் இறக்கத் தெரியாமல் சுவரில் இடித்தான். மறுநாள் அவனே வேண்டாம் என்றான். பெரிய கப்பல் மேல் ஆசை வருபவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் வழி இதுதான்: ஒரு மாலை முழுக்க அதை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் விலையைப் பாருங்கள்.

இனி, அந்தக் கடையின் உள் விவகாரங்கள். கையிலிருக்கும் கப்பலைத் தளத்தில் திருப்பிக் கொடுத்தால், அதாவது 'மெல்ட்' செய்தால், அதன் மதிப்பு ஸ்டோர் கிரெடிட்டாகத்தான் வரும், பணமாக வராது. ஸ்டோர் கிரெடிட் என்பது அந்தக் கடையை விட்டு வெளியே வராத பணம். வார்பாண்ட் என்று போட்டிருந்தால் தள்ளுபடி உண்டு, ஆனால் புதுப் பணம்தான் கட்ட வேண்டும், கிரெடிட் செல்லாது. சி.சி.யு. என்பது ஒரு கப்பலிலிருந்து விலை கூடிய இன்னொன்றுக்கு வித்தியாசத்தை மட்டும் கட்டி மாறுவது. கப்பல் வரைபடமாக இருக்கும்போது விலை குறைவு, பறக்கத் தயாரானதும் கூடும். அந்த இடைவெளியைப் பிடித்துப் படிப்படியாக ஏறுபவர்கள் இருக்கிறார்கள். அதுவே தனி விளையாட்டாகிவிடுகிறது. மிச்சம் பிடித்தோம் என்ற திருப்தியில் மொத்தச் செலவு ஏறிக்கொண்டே போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சத்தை எழுதாதீர்கள், கட்டியதை மட்டும் எழுதி வையுங்கள்.

இன்னும் செய்து முடிக்காத கான்செப்ட் கப்பல்களை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அறிவித்துப் பல வருடமாகியும் பறக்காத கப்பல்கள் உண்டு. விளம்பரத்தில் காட்டும் கப்பல் இன்னும் விளையாட்டில் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2021ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையமே அறிவுறுத்தியது. அழிந்த கப்பலைத் திரும்பத் தரும் வாழ்நாள் இன்ஷூரன்ஸுக்காக விலை கூடக் கொடுக்காதீர்கள்; அந்த இன்ஷூரன்ஸ் முறை முழுமையாக வரும் முன்பே அதன் மேல் ஒரு மவுசு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

2018ல் 27,000 டாலருக்கு, கிட்டத்தட்ட எல்லாக் கப்பலும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஏற்கெனவே 1,000 டாலர் செலவழித்தவர்களுக்குத்தான் அந்தப் பக்கமே திறக்கும். உங்களுக்கும் எனக்கும் அது தேவைப்படாது. ஆனால் அப்படியொரு பக்கம் இருக்கிறது என்பது, அந்த நிறுவனம் யாரைப் பார்த்துக் கடை விரித்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

கிக்ஸ்டார்ட்டரில் புதிதாக ஒன்று வந்தால்

அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டினால் ஒப்பந்தம் இருக்கும், ரேரா பதிவு எண் இருக்கும், தாமதமானால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கும். கிக்ஸ்டார்ட்டரில் அப்படி எதுவும் இல்லை. இலக்குத் தொகை எட்டினால்தான் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும். எட்டாவிட்டால் ஒரு பைசாவும் போகாது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் போன பிறகு நீங்களும் அந்தக் குழுவும்தான். சொன்னதைச் செய்யவோ, செய்ய முடியாவிட்டால் பணம் எங்கே போனது என்று விளக்கவோ அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் திரும்பி வருவது அபூர்வம்.

ஒரு உதாரணத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டுவல் யுனிவர்ஸ் என்ற விளையாட்டுக்காக பிரான்சின் நோவாகுவார்க் 2016ல் சுமார் 5,65,000 யூரோ திரட்டியது. கிக்ஸ்டார்ட்டர் 5% எடுத்துக்கொள்ளும்; கார்டுக் கட்டணம் இன்னும் 3 முதல் 5%. மிச்சம் 5,15,000 என்று வையுங்கள். ஒரு குழுவில் 20 பேர், அலுவலகம் உட்பட ஆளுக்கு மாதம் 5,000 யூரோ செலவு என்றால் மாதம் ஒரு லட்சம். ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். பல்லாயிரம் பேர் ஒரே உலகத்தில் வீடும் கப்பலும் கட்டும் விளையாட்டை யாராலும் ஐந்து மாதத்தில் செய்ய முடியாது. ஆக, அந்தப் பணம் விளையாட்டைச் செய்வதற்குப் போதாது. இத்தனை பேருக்கு இதில் ஆசை இருக்கிறது என்று முதலீட்டாளரிடம் காட்டத்தான் அது உதவும். இதே கணக்கை எந்தப் பிரச்சாரத்துக்கும் நீங்களே ஐந்து நிமிடத்தில் போடலாம்: இலக்குத் தொகை, குழுவின் ஆள் எண்ணிக்கை, சொல்லும் காலம். மூன்றும் ஒட்டவில்லை என்றால், மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று அந்தப் பக்கத்திலேயே கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே நிறையப் புரியும்.

டுவல் யுனிவர்ஸ் வந்தது. 2020 ஆகஸ்டில் பீட்டா என்ற சோதனைப் பதிப்புக்கே சந்தா வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் முறையான வெளியீட்டின்போது உலகத்தைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். வரைந்து வைத்த புளூபிரின்ட்டுகள் மிஞ்சின, கட்டியவை போயின. மாதாமாதம் காசு கட்டிக் கட்டிய நகரம் போனால் வலிக்காதா? அதனால் பீட்டாவுக்குச் சந்தா கேட்கிறார்கள் என்றால் முதல் கேள்வி வைப்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும். "இப்போதைக்குத் திட்டம் இல்லை" என்பதை, வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்குறுதி கடைசி நேரத்தில் மாறியதற்கு எலைட்டே உதாரணம். 2012 நவம்பர் முதல் 2013 ஜனவரி வரை நடந்த பிரச்சாரத்தில் டேவிட் பிரேபனின் குழு கேட்டது 12.5 லட்சம் பவுண்ட், கிடைத்தது 15.78 லட்சம். அந்தப் பிரச்சாரத்தில் இணையம் இல்லாமலும் தனியாக விளையாடலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, 2014 நவம்பரில், அது வராது என்றார்கள். ஆல்ஃபா, பீட்டா ஏற்கெனவே விளையாடியிருந்தால் பணம் திரும்பாது என்பது அவர்களின் முதல் நிலைப்பாடு. விளையாட்டு நன்றாகவே வந்தது, நான் இன்றும் ஓட்டுகிறேன். ஆனால் அந்த ஒரு அம்சத்துக்காகவே பணம் போட்டவருக்கு அது ஆறுதல் ஆகுமா? ஒரே அம்சத்தை நம்பி நீங்கள் பணம் போடுவதாக இருந்தால், அது டெமோவில் ஓடுவதைப் பார்க்கும் வரை காத்திருங்கள்.

லிமிட் தியரி என்ற விளையாட்டையும் சொல்ல வேண்டும். ஜோஷ் பார்னெல் என்ற இளைஞர் கிட்டத்தட்ட தனியாளாகத் தொடங்கினார். ஆன்லைன் இல்லை, தனிநபர் சாண்ட்பாக்ஸ்தான். 50,000 டாலர் கேட்டார், 1,87,865 கிடைத்தது. 2018ல், உடலும் மனமும் பணமும் தீர்ந்துவிட்டன என்று சொல்லி நிறுத்தினார்; எழுதிய நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பணம் போட்டவர்களுக்கு விளையாட்டு கிடைக்கவில்லை. ஆனாலும் மௌனமாக மறையாமல் வெளிப்படையாகச் சொன்ன அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தனியாள் பிரச்சாரத்துக்குப் பணம் போடும்போது, அந்த ஆளின் உழைப்புக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுங்கள். திரும்ப எதுவும் வராவிட்டாலும் வருத்தம் வராத தொகையாக அது இருக்கட்டும்.

பிளெக்ஸ்: இலவசமாக விளையாடலாம் என்பவர்களிடம்

ஈவில் 500 பிளெக்ஸ் கொடுத்தால் 30 நாள் முழுக் கணக்கு, அதாவது ஒமேகா. பிளெக்ஸை டாலருக்கு வாங்கலாம். அல்லது ஜிட்டா சந்தையில் ஐ.எஸ்.கே. கொடுத்து இன்னொரு விளையாட்டாளரிடம் வாங்கலாம். "நன்றாக விளையாடினால் சந்தாவே கட்ட வேண்டாம்" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு பிளெக்ஸ் 50 லட்சம் ஐ.எஸ்.கே. என்று வைத்துக்கொள்வோம். 500க்கு 250 கோடி. புதியவர் ஒருவர் மணிக்கு 5 கோடி சம்பாதித்தால் நல்ல வேகம்தான். அப்படியும் 50 மணி நேரம் ஆகும். 20 டாலர் சந்தாவை 50 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 40 சென்ட்; டாலருக்கு 85 ரூபாய் என்றால் 34 ரூபாய். எங்கள் கார்ப்பில் ஒருவர் இப்படித்தான் சுரங்கம் தோண்டித் தோண்டிச் சந்தா ஈட்டினார். போருக்கு வரமாட்டார், கடலை போட உட்காரமாட்டார், மாதக் கடைசியில் கெடு வைத்த மாதிரி தோண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் விளையாட்டையே விட்டுவிட்டுப் போய்விட்டார். பிளெக்ஸுக்காக கிரைண்ட் செய்வது வேலை. உங்களுக்கு ஏற்கெனவே சந்தை வியாபாரம் பிடித்திருந்து, தானாகவே பணம் சேர்கிறது என்றால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். மற்றபடி ஆல்ஃபாவில் ஆற அமர விளையாடிவிட்டு, கார்ப்போடு போருக்குப் போகும் மாதங்களில் மட்டும் ஒமேகா கட்டினால் போதும்.

சந்தையில் இருக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு பிளெக்ஸையும் யாரோ ஒருவர் நிஜப் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார். சில்லறையாக 500 பிளெக்ஸ் வாங்குவது ஒரு மாதச் சந்தாவை விட விலை கூட. ஆகவே நீங்கள் 'இலவசமாக' விளையாடும் மாதத்தில் நிறுவனத்துக்கு வரவு குறைவதில்லை, கட்டியவர்தான் வேறு.

2010ல் பிளெக்ஸைக் கப்பலில் ஏற்றிப் போகலாம் என்று மாற்றினார்கள். அன்று ஒரே ஒரு பிளெக்ஸுக்கே 30 நாள் சந்தா. உடனே ஒருவர் 74 பிளெக்ஸை கெஸ்ட்ரல் என்ற சின்னஞ்சிறு கப்பலில் எடுத்துப் போனார். வழியில் சுட்டுவிட்டார்கள், 1,000 டாலருக்கு மேல் மதிப்புள்ளது ஒரே நொடியில் போனது. இன்று பிளெக்ஸ் வால்ட் இருக்கிறது, எங்கிருந்தும் எடுக்கலாம், யாராலும் சுட முடியாது. வாங்கியதை அங்கேயே விட்டு வையுங்கள். வெளித் தளங்களில் மலிவாக ஐ.எஸ்.கே. விற்பவர்களிடம் போகவே போகாதீர்கள், கணக்கே முடக்கப்படும்.

நம் கார்டில் கட்டும்போது

இந்தியாவிலிருந்து கட்டுபவர்களுக்கு மட்டும் சில வரிகள். எலைட்டும் நோ மேன்ஸ் ஸ்கையும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாயிலேயே கிடைக்கும். தள்ளுபடி நாளில் வாங்கினால் பாதிக்கும் கீழே வரும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஸ்டார் சிட்டிசன் ஸ்டீமில் இல்லை. அவர்கள் தளத்தில் டாலரில்தான் கட்ட வேண்டும். வங்கிச் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கிவிட வேண்டும், முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

45 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்றால் 3,825. பல கார்டுகள் 3.5% மார்க்அப் எடுக்கும், அது 134. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி., 24. ஆக 3,983. சில தளங்கள் கடைசிப் பக்கத்தில் வரியும் சேர்க்கும். பொத்தானை அழுத்தும் முன் அந்தக் கடைசித் தொகையைப் பாருங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை நம்பாதீர்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தொடர் பிடித்தத்துக்கு முன்கூட்டியே பதிவும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பும் வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இது ஒத்துவராமல் பிடித்தம் நின்றுவிடும். ஒமேகா முடிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய கப்பலை ஓட்டும் திறன் செயலிழந்துவிடும். போருக்குக் கிளம்பும் ராத்திரியில் அது நடந்தால் கார்ப்புக்கே சங்கடம். ஒரு மாதத்துக்கான பிளெக்ஸை வால்ட்டில் வைத்திருங்கள், அல்லது மூன்று மாதமாக ஒரே தடவை கட்டுங்கள்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பணம் வைத்து ஆடிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் அது தடுக்கிறது. விளையாட்டுக்குள் போகச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ கட்டுவதை அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. கணக்கையோ கப்பலையோ இன்னொருவருக்கு ரூபாய்க்கு விற்கலாமா என்றால், ஈவின் விதிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஸ்டார் சிட்டிசன் கப்பல்களைக் கைமாற்றும் வெளிச் சந்தை ஒன்று இருக்கிறது, அதில் போனால் நிறுவனம் உங்களுக்குத் துணை வராது.

கட்டியதும் வரும் மின்னஞ்சல் ரசீதைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். பேக்கேஜ் பக்கத்தை, அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதனோடு வையுங்கள். அந்தப் பக்கங்கள் மாறும். ஸ்டார் சிட்டிசனுக்கு வாங்கிய 30 நாளுக்குள்தான் ரீஃபண்ட், ஆகவே 25ஆம் நாளுக்குப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அதற்குள் ஒரு சனி ஞாயிறாவது முழுதாக உட்கார்ந்து விளையாடிவிட வேண்டும். நினைவூட்டல் அடிக்கும்போது விளையாட்டைத் திறக்கத் தோன்றவில்லை என்றால், அன்றைக்கே ரீஃபண்ட் கேட்டு எழுதுங்கள்.